அக்கா கேட்கும் ஆட்டம்

அத்தான் கடைசியாகக் கேட்டது நகவெட்டியை. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டு தோளில் கிடக்க, கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தபடி மேல்கட்டிலின் கம்பியைத் தட்டினார்.

"டேய், நகவெட்டிய எங்கடா வச்சே?"

"நீங்கதான் அத்தான் கடைசியா எடுத்தீங்க."

"நான் எடுத்தா இருந்த எடத்துலதான் இருக்கும். நீ எடுத்தாத்தான் அதுக்குக் கால் முளைக்கும்."

மச்சினன் தலையணைக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தான். முனை மழுங்கிய நகவெட்டி. இரண்டு விரல் முடிவதற்குள் அத்தான் சலித்துக்கொண்டார். "இது எங்கடா வெட்டுது? நகத்துக்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கு." ஒரு கை முடிந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற கையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை டீ நேரத்தில், தகரக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார்.

மச்சினனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டோடு ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அத்தான் அவனைக் கூட்டி வந்து அறை வாசலில் நிறுத்தி, "இவன் என் மச்சினன், கம்பி கட்ட வந்திருக்கான், பாத்துக்குங்க" என்று சொன்ன நாளிலிருந்து தொழிலாளர் குடியிருப்பு முழுவதற்கும் அவன் மச்சினன்தான். தாடி நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். "யோவ், எனக்கு ஒரே ஒரு அக்காதான்யா இருக்கு" என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தான். அந்தச் சண்டையால் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அத்தானுக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. அது அவர் வேலையால் வந்தது. உயரக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. கட்டடத்தின் மறுபக்கம் சுமை இறங்கும்போது சுத்தமாகத் தெரியாது. கீழே நிற்கிறவர் வாக்கி டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். அந்தக் கண் அத்தான். "கொஞ்சம் இறக்கு... இன்னும்... மெதுவா... இடது பக்கம் ஒரு கை அகலம்... நிறுத்து." ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அந்த இரும்பு யார் தலைமேலாவது இறங்கிவிடும். உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அத்தான் உள்ளதை மட்டும் சொன்னார்.

லீவு நாள் மத்தியானம் அவர் வாய்க்கு விடுதலை.

குடியிருப்புக்குப் பின்னால், பழைய கன்டெய்னர்களை அடுக்கி வைத்த இடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஜல்லி கொட்டிய வெற்றிடம் ஒன்று இருந்தது. அங்கேதான் கிரிக்கெட். டென்னிஸ் பந்தைச் சுற்றிக் கரண்டு டேப். இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அது ஸ்டம்ப். அத்தானுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது, ஓட முடியாது. காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கீப்பருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். கையில் போன். போனின் அந்தப் பக்கம் அக்கா. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்; வீட்டில் அக்கா மட்டும்தான்.

முதலில் அது சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது. "அங்க என்னங்க சத்தம்?" என்று அக்கா கேட்டாள். இவர் சொன்னார். "யாரு அடிச்சா?" என்று கேட்டாள். அதையும் சொன்னார். சில வாரத்தில் அவளுக்கு ஆட்டம் பழகிவிட்டது. பிறகு அவள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் டாஸ் யார் ஜெயித்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தாள்.

"இதோ வர்றார் நம்ம மச்சினன். ஓடி வர்ற வேகத்தப் பாத்தா பஸ்ஸப் பிடிக்கப் போறவர் மாதிரி இருக்கு. பந்த விட்டுட்டார். பந்து போற வேகத்தப் பாத்தா... பஸ் போயிடுச்சு போல."

இப்படித்தான் இருக்கும் அத்தானின் வர்ணனை. அறைக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். கேன்டீன் சமையல்காரர் விக்கெட் கீப்பர். பிடித்த கேட்சைவிட விட்ட கேட்ச் அதிகம் என்பதால் அவர் ஓட்டைக்கை. கிரேன் ஆபரேட்டர் மேல்மாடி. "மேல்மாடி காலியா இருக்குன்னு நெனைக்காதீங்க, ஆள் உள்ளதான் இருக்கார்" என்று அவர் மட்டையோடு வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு அறிமுகம். பெயிண்டருக்குப் பட்டப்பெயர் கிடையாது. அவர் கூப்பிட்டால் வீட்டில் போனை எடுப்பது அபூர்வம். ஆட்டம் முடிந்ததும் மெதுவாக அத்தான் பக்கத்தில் வந்து, "அண்ணி என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்பார்.

"கேக்காம? பெயிண்டர் ஏன் இன்னிக்குச் சீக்கிரம் அவுட்டாயிட்டார்னு ஒரே கவலை."

அது போதும் அவருக்கு. வேலையிடத்தில் அவர்கள் எல்லாரும் ஹெல்மெட் நிறமும் அதில் ஒட்டிய எண்ணும்தான். நீலத் தொப்பி இங்கே வா, மஞ்சள் தொப்பி அங்கே போ. இங்கே, எங்கோ ஒரு வீட்டின் சமையலறையில், தாங்கள் அடித்த அடியும் விட்ட கேட்சும் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு இருப்பு இருந்தது. சொந்த வீட்டில்கூட இப்படி யாரும் விசாரித்ததில்லை என்று மேல்மாடி ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அத்தானின் உடல் வைத்த பெட்டியோடு மச்சினனும் விமானத்தில் ஊருக்குப் போனான். கம்பெனி குறைந்த நாள்தான் லீவு கொடுத்தது. வீடு நிறைய ஆட்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். வந்தவர்கள் அழுதார்கள், இவளும் அழுதாள். அழுகை ஓய்ந்த ஒரு நேரத்தில், கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், தம்பியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஏதோ தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான்.

"ஓட்டைக்கைக்குப் பல்வலி சரியாயிடுச்சா?"

அவன் விழித்தான்.

"போன வாரம் கன்னம் வீங்கிப்போய்க் கெடந்தாராம். அப்பவும் கீப்பிங்தான் நிப்பேன்னாராம். அவர் சொன்னார்."

"சரியாயிடுச்சுக்கா."

"இந்த வாரம் ஆட்டம் நடந்துச்சா?"

பக்கத்தில் இருந்த சித்தி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கூசிப்போனான். "யாருக்குக்கா ஆட மனசு வரும்" என்று முணுமுணுத்தான்.

"ஏன்டா?" என்றாள் அக்கா. கோபமாக இல்லை, நிஜமாகவே காரணம் தெரியாதவள் கேட்பது போலக் கேட்டாள். "அவங்களுக்கு வேற என்ன இருக்கு?" பிறகு குரல் இறங்கிப்போய், "எனக்கும்தான்" என்றாள்.

"துக்க வீட்ல என்னடி பேச்சு இது?" என்றாள் சித்தி. மச்சினன் கிளம்புகிற வரைக்கும் அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. ஆனால் வாசல் வரை வந்தவள் வழக்கமாகச் சொல்லும் உடம்பைப் பார்த்துக்கோ, நேரத்துக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் விட்டுவிட்டு, "லீவு நாள்ல போன் பண்ணுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் திரும்பி வந்து பார்த்தபோது மட்டை பீரோவின் மேல் ஏறியிருந்தது. லீவு நாளில் ஆளாளுக்குக் கட்டிலில் படுத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தங்கள் தங்கள் போனுக்குள் போய்விட்டார்கள். ஒரே அறைக்குள் எட்டுப் பேர் எட்டு ஊரில் இருப்பது போல இருந்தது. மேல்மாடி மட்டும் அவன் கட்டிலுக்கு வந்தார்.

"புதுசா ஒருத்தன் வாக்கி டாக்கி பிடிக்கிறான் மச்சினா. நல்ல பையன்தான். தப்பில்லாமத்தான் சொல்றான். நான்தான் முந்தாநாள், 'சரி ரேடியோ'ன்னுட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கொஞ்ச நேரம் கை ஓடல. சுமை பாட்டுக்கு அந்தரத்துல தொங்குது."

மச்சினன் கம்பி கட்டிக் கட்டிக் காய்ந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட அக்காதான் வருவாள். அக்கா போன் செய்தால் என்ன சொல்வது என்பதுதான் வந்ததிலிருந்து அவன் யோசனையெல்லாம்.

அடுத்த லீவு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டு கழுவி முடித்த நேரத்துக்கு, போன் அடித்தது. எப்போதும் அத்தானுக்கு அடிக்கும் அதே நேரம். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னடா, டாஸ் போட்டாச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "போட்டாச்சுக்கா" என்று வந்துவிட்டது.

"யாரு ஜெயிச்சா?"

"நாங்கதான்."

"பேட்டிங்கா?"

"ஆமா. மேல்மாடி எறங்கியிருக்கார்."

எதிர்க்கட்டிலில் படுத்திருந்த மேல்மாடி தலையைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டைக்கை காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். மச்சினன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு ஆட்டத்தை இழுத்து இழுத்துச் சொன்னான். "பிளம்பர் போடுறாரு... மேல்மாடி அடிக்கிறாரு... பந்து போகுது..." எங்கே போகிறது என்பது தெரியாமல் நின்றான். இரண்டு மாதம் தண்ணீர் காணாத குழாய் மாதிரி காற்றுத்தான் வந்தது. ஓட்டைக்கைக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து பீரோ மேலிருந்து மட்டையை எடுத்து, கட்டில்களுக்கு நடுவே நின்று தரையில் டொக்கு டொக்கென்று தட்டினார். பெயிண்டர் எதற்கென்று புரியாமலே கைதட்டினார்.



"டேய்" என்றாள் அக்கா. "அது டைல்ஸ் தரை. ஜல்லியில தட்டுனா அந்தச் சத்தமா வரும்?"

ஓட்டைக்கை கையில் மட்டையோடு, திருடும்போது பிடிபட்டவர் போல நின்றார்.

"மூணு வருஷமா கேக்குறேன்டா. மட்டையில பட்டுச்சா, காலுல பட்டுச்சான்னு எனக்குத் தெரியும். ஏன்டா பொய் சொல்றே? ஆடலைன்னா ஆடலைன்னு சொல்லு, வச்சிடுறேன்."

வச்சிடுறேன் என்றாளே தவிர வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. அந்தப் பக்கம் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வைத்துவிட்டால் இனி இந்த நேரத்துக்கு அந்த வீட்டிலிருந்து போன் வராது என்று மச்சினனுக்குப் பட்டது. மற்ற நாளில் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று வரும்.

"அண்ணி" என்று சத்தமாகக் கூப்பிட்டார் மேல்மாடி. கட்டிலிலிருந்து இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு பத்து நிமிஷம் லைன்லயே இருங்க. எல்லாப் பயலும் சோம்பேறி. எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

"பெயிண்டரையும் எழுப்புங்க" என்றாள் அக்கா.

பெயிண்டர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டிகளை அடுக்கினார்கள். பந்துக்கு டேப் சுற்றினார்கள். கவிழ்த்த வாளியில் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஓட்டைக்கைதான் மச்சினனின் தோளைப் பிடித்து அழுத்தி அதில் உட்கார வைத்தார். "பந்த நான் போடணுமே" என்றான். "ஊர்ல வேற பஸ்ஸே இல்லையா? பெயிண்டர் போடுவாரு, நீ பேசு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பல நாளுக்குப் பிறகு அங்கே கேட்ட சிரிப்பு.

போனைக் காதில் வைத்தான்.

"உக்காந்துட்டியா?" என்றாள் அக்கா.

"ம்."

"மரத்தடியிலதான?"

அவன் சுற்றிலும் பார்த்தான். கன்டெய்னர்கள், துருப்பிடித்த கதவுகள், மதில் சுவர், காலுக்கு அடியில் சுடும் ஜல்லி. எந்தப் பக்கமும் பச்சையாக ஒரு புல்கூட இல்லை.

"எந்த மரம்கா?"

கேட்ட பிறகுதான் முன்னால் நின்ற ஓட்டைக்கை படபடவென்று கையை ஆட்டுவதைப் பார்த்தான். வாயில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு பொறுக்க முடியாமல் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். கீப்பிங் நின்ற காலமெல்லாம் அத்தானின் வர்ணனை முழுதும் அவர் முதுகில் வந்து விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து பந்து வீச ஓடிவந்த மச்சினனுக்கு அதில் பாதிகூடக் காதில் விழுந்ததில்லை.

"அண்ணி, இவன் ஒரு குருடன் அண்ணி. மரம் இங்கதான் இருக்கு. தலைக்கு மேலதான் இருக்கு. நல்ல நெழல். இப்பத்தான் ஒரு பந்து கெளையில மாட்டி..."

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "மரம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவன்ட்ட குடுங்க."

மச்சினன் வாங்கினான்.

"நீ அங்க போன புதுசுல வீடியோ எடுத்து அனுப்புனியே, ஞாபகம் இல்லையா? எல்லாரும் ஆடுற மாதிரி. அதுல அவர் தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தார். அன்னிக்குப் போன்ல கேட்டேன், ஏங்க வெயில்ல உக்காந்து என்கிட்ட பேசணுமா, உள்ள போங்களேன்னு. மரத்தடியிலதாம்மா உக்காந்திருக்கேன்னார். கூசாமச் சொன்னார்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன மரம்னு கேட்டேன். பேர் தெரியல, பெருசா இருக்குன்னார். அடுத்த வாரம் அதுல ஒரு கூடு இருக்குன்னார். அப்புறம் குஞ்சு பொரிச்சிடுச்சுன்னார். பூ விடுதா, இலை கொட்டுதான்னு நானும் கேட்டுக்குவேன். பந்து மரத்துல பட்டா அவுட்டு இல்லைன்னு ரூல்கூட வச்சிருந்தார். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்டா. நாங்க ரெண்டு பேரும் அத வெளிய சொல்லிக்கல, அவ்வளவுதான்."

மைதானத்தில் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயிண்டர் பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மச்சினன் தொண்டையைச் செருமினான்.

"எனக்கு அதெல்லாம் சொல்ல வராதுக்கா."

"நீ சொல்ல வேணாம். உள்ளத மட்டும் சொல்லு. மரத்த நான் பாத்துக்கறேன்."

அவன் சொல்ல ஆரம்பித்தான். கோர்வையாக வரவில்லை. பெயிண்டர் நீலச் சட்டை போட்டிருக்கிறார், அதில் வெள்ளைப் பெயிண்ட் தெறித்திருக்கிறது. மேல்மாடி மட்டையை மண்வெட்டி மாதிரிப் பிடித்திருக்கிறார். பந்து போட்டாச்சு. தள்ளிப் போயிடுச்சு. அடுத்தது. மட்டையில பட்டு கன்டெய்னர் பக்கம் போகுது, பிளம்பர் ஓடுறார், செருப்பு கழண்டு விழுது, செருப்ப எடுக்கிறதா பந்த எடுக்கிறதான்னு நிக்கிறார்.

"எத எடுத்தார்?"

"செருப்பு."

அக்கா சிரித்தாள். சிரித்த சத்தம் பாதியில் அறுந்தது. அவன் காத்திருந்தான். ஒரு பந்து போனது, இரண்டாவது பந்து போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகிறவர்களும் மெதுவாக ஆடினார்கள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். ரெண்டு பந்து விட்டுட்டே. என்ன ஆச்சுன்னு சொல்லு."

அவர் இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார் என்று அவள் கேட்கவில்லை. அவனும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவன் சொன்ன சொல்லுக்கு அடியில் அத்தான் சொல்லியிருக்கக்கூடிய சொல் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது இன்னும் நன்றாக இருந்தது. அக்காவுக்கும் அதுதான் கேட்டிருக்கும்.

வெயில் சாய்ந்தபோது மேல்மாடி ஒரு பந்தைத் தொட்டார். பந்து விளிம்பில் பட்டு நேரே ஓட்டைக்கையின் கைக்கு வந்தது. பச்சைப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். அவர் ஒரு கையால் கண்ணை மறைத்து மறு கையை நீட்டினார். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

"விட்டுட்டாருக்கா!" என்று மச்சினன் தன்னை மறந்து கத்தினான். "கைக்கு வந்தத விட்டுட்டாரு!"

"வெயில் கண்ணுல அடிக்குது அண்ணி!" என்று அங்கிருந்தே ஓட்டைக்கை கூவினார். "நேரா கண்ணுல! எவனாலயும் பிடிக்க முடியாது!"

"நெழல்ல வந்து நிக்கச் சொல்லுடா அவர" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு லீவு நாள் ஆட்டமும் நிற்கவில்லை, அக்காவின் போனும் நிற்கவில்லை. கட்டடம் முடிந்து சிலர் வேறு இடம் போனார்கள், புதிதாகச் சிலர் வந்தார்கள், பெட்டிகள் உடைந்து வேறு பெட்டிகள் வந்தன. மாலையானால் வெயில் இப்போதும் நேராகக் கீப்பரின் முகத்தில்தான் அடிக்கிறது.